ஒய்நாப்: கார்டு கடனோடு இருக்கும் வீட்டுக்கு இந்த ஆப் உதவுமா?

கிரெடிட் கார்டு பாக்கியை அடைக்க முயலும் குடும்பத்துக்கு ஒய்நாப் உதவுமா என்று யாராவது கேட்டால், உதவும் என்றுதான் சொல்வேன். காசு கொடுத்து வாங்க வேண்டிய ஆப், தமிழில் கிடையாது, முதல் சில வாரம் தலை சுற்றும். இவ்வளவு இருந்தும் சொல்கிறேன். ஒரு வருடத்துக்கு மேலாக எங்கள் வீட்டுக் கணக்கு முழுவதும் இதில்தான் ஓடுகிறது. இரண்டு கார்டில் ஒன்று முழுதாக அடைந்துவிட்டது, இன்னொன்று முடியும் தறுவாயில் இருக்கிறது.

முதலில் இது என்ன என்று சொல்லிவிடுகிறேன். யூ நீட் எ பட்ஜெட் என்பதன் சுருக்கம்தான் ஒய்நாப். அமெரிக்காவில் கணக்கியல் படித்துக்கொண்டிருந்த ஜெஸ்ஸி மீச்சம் என்பவர், கல்யாணமான புதிதில் தங்கள் குடித்தனத்துக்காக ஒரு கணக்குத் தாளை உருவாக்கினார். 2004-ல் அதையே மற்றவர்களுக்கும் விற்க ஆரம்பித்தார். பிறகு அது கம்ப்யூட்டரில் நிறுவும் மென்பொருளாகி, இப்போது இணையத்திலும் செல்போனிலும் இயங்கும் சந்தா சேவையாக இருக்கிறது. அடிப்படை என்னவோ பழைய கவர் முறைதான். சம்பளம் வந்ததும் வாடகைக்கு ஒரு கவர், மளிகைக்கு ஒரு கவர், மருந்துக்கு ஒரு கவர் என்று பணத்தைப் பிரித்து வைப்போமே, அதைத் திரையில் செய்கிறோம், கவருக்கு ஒரு வரிசை என்று. கையில் இப்போது இருக்கும் பணத்தை மட்டும்தான் பிரிக்க முடியும். அடுத்த மாதம் வரப்போகும் சம்பளத்தை இன்றைக்கே கணக்கில் சேர்த்துக்கொள்ள இதில் இடமில்லை. இந்தக் கறார்தான் எனக்கு முதலில் பிடித்தது.

செலவைக் குறித்துக்கொள்ள எத்தனையோ ஆப் இருக்கிறது. மாதக் கடைசியில் வட்டமாக ஒரு படம் போட்டு, சாப்பாட்டுக்கு இவ்வளவு, பெட்ரோலுக்கு இவ்வளவு என்று காட்டும். அதைப் பார்த்து என்ன செய்வது? பணம் போயாகிவிட்டது. ஒய்நாபில் ஒவ்வொரு வரிசைக்கும் எதிரே இன்னும் எவ்வளவு மிச்சம் என்பதுதான் பெரிதாகத் தெரியும். கடைக்குள் நுழையும் முன் போனை எடுத்துப் பார்த்தால் முடிவு அங்கேயே ஆகிவிடுகிறது.

எங்கள் கடன் எப்படி வந்தது என்றால், ஒரே வருடத்தில் மாமனாருக்கு அறுவை சிகிச்சை, வாஷிங் மெஷின் பழுது, இரண்டு பிள்ளைகளுக்கும் பள்ளிக் கட்டணம், வண்டி இன்சூரன்ஸ் என்று அடுத்தடுத்து வந்து நின்றன. மாதச் சம்பளம் மாதச் செலவுக்குச் சரியாக இருந்தது. மேலே வந்தது எல்லாம் கார்டில் ஏறியது. பெரும்பாலான வீடுகளில் இப்படித்தான் ஏறுகிறது என்று நினைக்கிறேன். ஊதாரித்தனத்தால் கடன் வந்தவர்களை எனக்குத் தெரிந்த வட்டத்தில் அதிகம் பார்த்ததில்லை.

சரி, கார்டு விஷயத்தை இந்த ஆப் எப்படிக் கையாள்கிறது என்று பார்ப்போம். இதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

ஒரு கார்டைச் சேர்த்ததும் அந்தக் கார்டின் பெயரில் தனியாக ஒரு வரிசை தானாகவே உருவாகும். கார்டு பில்லைக் கட்டுவதற்காக ஒதுக்கி வைத்த பணம் அங்கே நிற்கும். மளிகை வரிசையில் 10,000 போட்டிருக்கிறீர்கள். கார்டைத் தேய்த்து 2,000-க்குச் சாமான் வாங்குகிறீர்கள். அதைப் பதிந்த உடனே மளிகையில் 8,000 ஆகும், கார்டு வரிசையில் 2,000 ஏறும். வங்கியிலிருந்து ஒரு பைசாகூடப் போகவில்லை. ஆனால் அந்த 2,000 இனி உங்கள் பணம் இல்லை, கார்டுக்காரனுடையது என்று திரை சொல்லிவிடுகிறது. பில் வரும்போது அந்தத் தொகை தயாராக இருக்கும்.

மளிகையில் 1,500 மட்டும் மிச்சம் இருக்கும்போது 2,000-க்குத் தேய்த்தால் என்ன ஆகும்? கார்டு வரிசைக்கு 1,500 போகும், மளிகை மஞ்சளாக மாறி 500 குறைகிறது என்று காட்டும். வேறு ஒரு வரிசையிலிருந்து 500 எடுத்துப் போட்டால் சரியாகிவிடும். போடாமல் விட்டால் மாதம் முடிந்ததும் அந்த 500 புதுக் கடனாக கார்டில் சேர்ந்துகொள்ளும். ரொக்கமாகக் கூடுதல் செலவு செய்தால் சிவப்பு, கார்டில் செய்தால் மஞ்சள். பழைய கடனில் புதுக் கடன் எங்கே ஏறுகிறது என்பதை இவ்வளவு தெளிவாக வேறெந்தக் கணக்கிலும் நான் பார்த்ததில்லை. வங்கி ஸ்டேட்மென்டில் எல்லாம் ஒரே தொகையாகத்தான் கலந்து கிடக்கும்.

பழைய பாக்கிக்கு ஆப் தானாக எதையும் ஒதுக்காது. அதற்கு எவ்வளவு போடுவது என்று மாதாமாதம் நாம்தான் முடிவு செய்ய வேண்டும். அதுவும் நல்லதுதான். மின்சாரத்துக்கு, மருந்துக்கு, பள்ளிக்கு என்று பிரித்து முடித்ததும் ஒரு தொகை மிஞ்சும். அதை நம் கையாலேயே கார்டு வரிசையில் தட்டும்போது, மாதக் கடைசியில் மிச்சம் இருந்தால் கட்டலாம் என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போகிறது.

இன்னொன்றும் இந்த வரிசையைப் பார்த்துத்தான் எனக்கு விளங்கியது. மாதாமாதம் முழு பில்லையும் கட்டுபவர்கள்கூட, சென்ற மாதச் செலவை இந்த மாதச் சம்பளத்தில் கட்டுகிறார்கள் என்றால் அவர்களும் கடனில்தான் இருக்கிறார்கள். வட்டி வராததால் தெரிவதில்லை. ஒரு மாதம் சம்பளம் நின்றால் அன்றைக்குத் தெரிந்துவிடும். கார்டு வரிசையில் இருக்கும் தொகையும் கார்டின் பாக்கியும் ஒன்றாக இருந்தால்தான் உண்மையில் கடன் இல்லை.

இனி மினிமம் டியூ, அதாவது இந்த மாதம் குறைந்தது இவ்வளவாவது கட்டு என்று பில்லில் போட்டிருக்கும் தொகை. ஒரு லட்சம் பாக்கி, மாதம் 3 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். மாதம் 3 என்றால் கூட்டு வட்டியாக வருடத்துக்கு 42 சதவீதத்தைத் தாண்டும். பாக்கியில் 5 சதவீதம் கட்டினால் போதும் என்று பில் சொல்கிறது. முதல் மாதம் ஏறக்குறைய 5,000 கட்டுகிறோம், அதில் 3,000 வட்டிக்கே போய்விடும். யானைப் பசிக்குச் சோளப்பொரி. பாக்கி குறையக் குறைய மினிமமும் குறையும், நாமும் குறைத்துக் கட்டுவோம். இப்படியே போனால் 31 மாதம் கழித்தும் பாதிக்கு மேல் அப்படியே இருக்கும். அதே 5,000-ஐக் குறைக்காமல், பில் என்ன சொன்னாலும் மாதாமாதம் கட்டினால், அதே 31 மாதத்தில் மொத்தக் கடனும் தீர்ந்துவிடும். 8,000 கட்ட முடிந்தால் 16 மாதம். கார்டில் புதிதாக எதுவும் ஏறக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை. பில்லில் அச்சடித்திருக்கும் அந்தச் சின்ன எண்ணே நம்மைக் குறைத்துக் கட்ட வைக்கிறது என்று நீல் ஸ்டூவர்ட் என்ற உளவியல் ஆய்வாளர் 2009-ல் ஒரு சோதனையில் காட்டியிருக்கிறார். மினிமம் தொகை போட்ட பில்லைப் பார்த்தவர்களில் பகுதியாகக் கட்டியவர்கள், அது போடாத பில்லைப் பார்த்தவர்களைவிடக் குறைவாகக் கட்டினார்கள். அதனால் கார்டு வரிசையில் மாதத்துக்கு இவ்வளவு என்று நிலையான இலக்கு ஒன்றை வைத்துவிட்டேன். ஆப் அதை ஞாபகப்படுத்துகிறது, பில்லில் இருக்கும் எண்ணை நான் பார்ப்பதே இல்லை.

செலவைக் குறைத்த கதைக்கு வருகிறேன். மாதச் செலவில் குறைத்தது என்று பார்த்தால், பார்க்காத இரண்டு வீடியோ சந்தா, வெளியிலிருந்து தருவித்த சாப்பாடு, தேவைக்கு மேல் போட்டிருந்த இன்டர்நெட் பிளான், அவ்வளவுதான். அதனால் பெரிதாக எதுவும் மாறிவிடவில்லை. மாற்றியது வருடச் செலவுகள். இன்சூரன்ஸ், பள்ளிக் கட்டணம், வண்டி சர்வீஸ், டயர், பண்டிகைத் துணிமணி, கண்ணாடி மாற்றுவது, பல் வைத்தியம். இவையெல்லாம் திடீர்ச் செலவு என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். எதுவும் திடீர் இல்லை. இன்சூரன்ஸ் எந்தத் தேதியில் வரும் என்று பாலிசியிலேயே போட்டிருக்கிறது. டயர் தேயும் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் கணவரும் உட்கார்ந்து, சென்ற வருடத்து வங்கிக் கணக்கையும் கார்டு ஸ்டேட்மென்ட்களையும் வைத்துக்கொண்டு இப்படிப்பட்டவற்றை எல்லாம் எழுதினோம். ஒவ்வொன்றையும் பன்னிரண்டால் வகுத்தோம். 24,000 இன்சூரன்ஸ் என்றால் மாதம் 2,000. ஆப்பில் தொகையையும் தேதியையும் போட்டால் அதுவே வகுத்துச் சொல்லும். பாதி வருடம் கழித்துத் தொடங்கினால் மீதி மாதங்களுக்கு ஏற்றபடி கூட்டியும் சொல்லும். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தபோது, மாதச் சம்பளம் மாதச் செலவுக்குப் போதும் என்று இருந்த எண்ணம் மாறிவிட்டது. கார்டில் வருடாவருடம் ஏறியதும் கிட்டத்தட்ட இந்தக் கூட்டுத்தொகைதான்.

இதில் ஒரு தர்மசங்கடம் உண்டு. மாதம் 3 சதவீத வட்டிக்குக் கடன் இருக்கும்போது, டயருக்கும் கண்ணாடிக்கும் பணம் ஒதுக்கிச் சும்மா வைப்பது கணக்குப்படி நஷ்டம். எல்லாவற்றையும் கார்டில் கட்டிவிட்டு, டயர் வெடிக்கும்போது திரும்பக் கார்டைத் தேய்த்தால் வட்டி குறையும் என்று கணவர் சொன்னார். கணக்கில் அவர் சொன்னது சரி. ஆனால் கார்டைத் திரும்பத் தேய்க்கும் பழக்கம் இருக்கும்வரை கடன் தீராது என்பது என் கட்சி. கார்டு வேண்டாம், வீட்டிலேயே பணம் இருக்கிறது என்ற நிலைமை வந்த பிறகுதான் பாக்கி இறங்கவே ஆரம்பித்தது. பெரிய தொகைகளை விட்டுவிட்டு, மூன்று நான்கு மாதத்துக்குள் வரப்போகும் செலவுகளுக்கு மட்டும் முதலில் ஒதுக்கினோம். மீதியைக் கார்டுக்குக் கட்டினோம். இந்த நடுவழி எங்களுக்குச் சரியாக அமைந்தது.

கார்டை வீட்டில் வைத்துவிட்டு வங்கிக் கணக்கிலிருந்து நேராகச் செலவு செய்வதற்கு வேறு ஒரு காரணமும் உண்டு. பெரும்பாலான கார்டுகளில், பழைய பாக்கியை முழுதாகக் கட்டாமல் வைத்திருந்தால், புதிதாக வாங்கும் பொருளுக்கு வட்டியில்லாக் காலம் கிடையாது. வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். ஏடிஎம்மில் கார்டை வைத்துப் பணம் எடுத்தால் கட்டணம் தனி, வட்டி அன்றைக்கே தொடங்கும். கார்டில் வாங்கும்போது மனம் தாராளமாகிவிடுகிறது என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்திலிருந்து 2001-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், கூடைப்பந்து ஆட்ட டிக்கெட்டை ஏலம் விட்டார்கள். கார்டில் கட்டலாம் என்று சொல்லப்பட்டவர்கள், ரொக்கமாகக் கட்ட வேண்டும் என்று சொல்லப்பட்டவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கேட்டார்கள்.

வீட்டில் இந்த ஆப் இன்னொரு காரியமும் செய்தது. ஒரே சந்தாவில் ஆறு பேர் வரை பயன்படுத்தலாம் என்பதால், கணவர் போனிலும் மகள் போனிலும் போட்டுவிட்டேன். வரிசைகளுக்குத் தமிழில் பெயர் வைத்திருக்கிறேன், அதில் பிரச்சினை இல்லை. முன்பெல்லாம் எது கேட்டாலும் "இப்ப வேண்டாம்" என்று சொல்லும் ஆள் நான்தான். இப்போது மகள் கேட்கிறாள், "அம்மா, ஷூவுல எவ்வளவு இருக்கு?" "பாதி சேர்ந்திருக்கும்மா, அடுத்த மாசம் எடுத்துடலாம்." சண்டை இல்லை. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்தப் பதில் போதுமாக இருக்கிறது. ஒரு தடவை "டிரஸ்லேர்ந்து எடுத்து ஷூவுல போடலாமா?" என்று அவளே கேட்டாள். கூடுதலாகச் செலவானால் இன்னொன்றிலிருந்து எடுக்க வேண்டும் என்பதுதான் இந்த ஆப்பின் முழுப் பாடமும்.

அப்புறம், வட்டிக்கு என்று ஒரு தனி வரிசை வையுங்கள். கார்டு வட்டியை மற்றச் செலவோடு கலக்காமல் அதில் பதியுங்கள். வீட்டு வாடகைக்கு அடுத்தபடி எங்கள் வீட்டில் பெரிய செலவு வட்டிதான் என்று அந்த வரிசை ஒரு சமயம் காட்டியது. கணவர் அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை, மறுநாள் தன் போனில் இருந்த ஷாப்பிங் தளங்களிலிருந்து கார்டு எண்ணை அழித்துவிட்டார். மாதாமாதம் அந்த எண் இறங்குவதைப் பார்ப்பதுதான் எனக்கு இப்போது மிகவும் பிடித்த வேலை.

இந்த ஆப்பிடம் எதிர்பார்க்கக் கூடாதவையும் உண்டு. இரண்டு மூன்று கார்டு இருந்தால் எதை முதலில் அடைப்பது என்று அது சொல்லாது. வட்டி அதிகமானதை முதலில் அடைத்தால் மொத்த வட்டி குறையும். சிறிய பாக்கியை முதலில் அடைத்தால் ஒரு கணக்கு சீக்கிரம் மூடும், தெம்பு வரும். ஒரு கணக்கை மூட முடிந்தவர்கள் மொத்தக் கடனையும் தீர்க்கும் வாய்ப்பு அதிகம் என்று 2012-ல் டேவிட் கால், பிளேக்லி மக்ஷேன் என்ற ஆய்வாளர்கள் இருவர் எழுதியிருக்கிறார்கள். எங்கள் இரண்டு கார்டுக்கும் வட்டி கிட்டத்தட்ட ஒன்றுதான், அதனால் சிறியதை முதலில் முடித்தோம். வட்டி வித்தியாசம் பெரிதாக இருந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு வட்டி அதிகமானதைத்தான் எடுப்பேன். இந்தக் கணக்கை ஒரு எக்ஸெல் தாளில் போட்டுப் பார்த்துவிடலாம்.

வங்கிக் கணக்கைத் தானாக இணைக்கும் வசதி அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஐரோப்பிய ஒன்றியத்து வங்கிகளுக்குத்தான். மற்றவர்கள் வங்கியிலிருந்து கோப்பை இறக்கி ஏற்றலாம், அல்லது கையால் தட்டலாம். நான் கையால்தான் தட்டுகிறேன். பணம் கொடுத்த இடத்திலேயே தட்டிவிட்டால் அரை நிமிட வேலை. வாரம் ஒரு முறை வங்கியில் இருக்கும் தொகையோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துப் பூட்டிவிடலாம். இந்தச் சரிபார்ப்பைத் தள்ளிப்போடாதீர்கள். மூன்று வாரம் விட்டால் எந்தச் செலவு விட்டுப்போனது என்று தேடியே அலுத்துவிடும், பலர் ஆப்பை விட்டுவிடுவது இந்த இடத்தில்தான்.

கடனில் இருக்கும்போது சந்தா கட்டி ஒரு ஆப்பா என்று கணவர் முதலில் கேட்டார். நியாயமான கேள்வி. எங்கள் வட்டிச் செலவோடு ஒப்பிட்டால் சந்தா சிறியது, அதனால் எனக்கு உறுத்தவில்லை. உறுத்தினால் மாற்று இருக்கிறது. ஆக்சுவல் என்ற ஆப் இதே கவர் முறையில் இயங்கும், 2022 முதல் திறந்த மூல மென்பொருளாக இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் நாமே நிறுவிக்கொள்ளக் கொஞ்சம் கம்ப்யூட்டர் ஞானம் வேண்டும், கார்டுக்குப் பணத்தைத் தானாக நகர்த்தும் வரிசை அதில் இல்லை. குட்பட்ஜெட் என்ற இன்னொரு கவர் முறை ஆப்பில் இலவசப் பதிப்பு உண்டு, கவர்களின் எண்ணிக்கைக்கு வரம்பு இருக்கும். ஒரே கார்டு, மூன்று நான்கு செலவு வகை என்றால் நிஜமான காகிதக் கவர்களே போதும்.

வருமானமே அத்தியாவசியச் செலவுக்குப் போதாமல், மினிமம் கூடக் கட்ட முடியாமல் இருப்பவர்களுக்கு எந்த ஆப்பும் விடை ஆகாது. அவர்கள் முதலில் பேச வேண்டியது கார்டு நிறுவனத்தோடு. தவணையாக மாற்றித் தரவோ வட்டியைக் குறைக்கவோ பல நிறுவனங்களில் ஏற்பாடு இருக்கும். தவணையாக மாற்றும்போது செயலாக்கக் கட்டணம் எவ்வளவு, முன்கூட்டியே அடைத்தால் அபராதம் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கடனைப் பாதியாகக் குறைத்துத் தருகிறோம், முதலில் கட்டணம் கட்டுங்கள் என்று அழைப்பவர்களை அண்டவே விடாதீர்கள்.

கடைசிப் பாக்கியைக் கட்டியவுடன் கார்டை மறந்துவிடவும் வேண்டாம். பில் போட்ட நாளுக்கும் நீங்கள் பணம் கட்டிய நாளுக்கும் இடைப்பட்ட வட்டி அடுத்த ஸ்டேட்மென்டில் சிறு தொகையாக வரலாம். எங்கள் முதல் கார்டுக்கு வந்தது. அதைக் கட்டாமல் விட்டால் தாமதக் கட்டணம் சேரும். அடுத்தடுத்த இரண்டு ஸ்டேட்மென்டில் பூஜ்யம் வரும்வரை ஆப்பில் அந்தக் கார்டை மூடாதீர்கள்.

முயன்று பார்க்க நினைப்பவர்களுக்கு 34 நாள் இலவசம், அதற்குக் கார்டு எண் கேட்பதில்லை. சம்பளத்துக்கு ஓரிரு நாள் முன்னால் தொடங்குங்கள். அப்போதுதான் ஒரு முழுச் சம்பளத்தைப் பிரிப்பதும், ஒரு கார்டு பில் வந்து கட்டுவதும், மாதம் மாறும்போது மஞ்சள் வரிசை என்ன ஆகிறது என்பதும் அந்த 34 நாளுக்குள் உங்கள் கண்ணில் படும்.